பெரட்டு மணியும் கடிகார வாரும்: உறக்கத்தை அளந்த வரலாறு

உறங்குகிறவன் தன் உறக்கத்தைத் தானே அளக்க இயலாது. உண்ட சோற்றின் அளவை உண்டவன் அறிவான். நடந்த வழியின் தொலைவை நடந்தவன் அறிவான். உறங்கிய பொழுதின் அளவையோ பிறர் சொல்லியோ, கருவி காட்டியோதான் ஒருவன் அறிதல் கூடும். ஆதலின், உறக்கத்தை அளந்த வரலாறு உறங்கியவரின் வரலாறாக மட்டும் அமைவதில்லை. அளந்தவரின் வரலாறாகவும் அமைகிறது. யார் அளந்தார், எக்கருவியால் அளந்தார், எதன் பொருட்டு அளந்தார் என்னும் மூன்று வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன.

இன்று கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ‘ஸ்மார்ட் வாட்ச்’ என்று வழங்கும் திறன் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே படுப்பவர் பலர். விடிந்ததும் அது கணக்குச் சொல்கிறது: இத்தனை மணி உறங்கினீர், அதில் ஆழ்ந்த உறக்கம் இத்தனை நிமிடம், கனவுறக்கம் இத்தனை நிமிடம் என்று. அக்கணக்கு எவ்வளவு மெய் என்பது கடிகாரத்தின் உள்ளுறுப்புகளை மட்டும் பொறுத்ததன்று. அதனை மணிக்கட்டோடு பிணைக்கும் வாரையும் பொறுத்தது. வார் நெகிழ்ந்தால் கணக்கும் நெகிழும். இச்சிறிய உண்மையின் பொருளை நன்கு உணர வேண்டுமாயின், இந்நாட்டுத் தமிழரின் உறக்கத்தை முன்னர் எவை எவை அளந்தன என்று திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

வட்டிலும் யாமமும்

பண்டைத் தமிழர் இரவை யாமங்களாகப் பகுத்தனர். இருபத்து நான்கு நிமிடம் கொண்டது ஒரு நாழிகை. ஏழரை நாழிகை கொண்டது ஒரு யாமம். நீர் கசியும் வட்டிலைக் கொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. அக்கணக்கர் விழித்திருந்தனர், பாசறை உறங்கியது. ஒருவர் உறங்க மற்றொருவர் பொழுதளந்த முறை அது.

உழவனின் உறக்கத்தை வட்டில் அளக்கவில்லை. கோழி கூவுதலும் விடிவெள்ளி தோன்றுதலுமே அவனுக்கு மணிகள். அவன் உறங்கிய பொழுதை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய தேவையும் எவர்க்கும் எழவில்லை. அத்தேவை எழுந்தது, பிறருடைய நேரத்தைக் கூலி கொடுத்து வாங்கும் தொழில்முறை பரவிய பின்னரே ஆகும். மலாயாவில் அது இருப்புப்பாதையுடனும் ரப்பர்த் தோட்டத்துடனும் வந்தது.

நேரம் மாறிய நாடு

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை முதல் இரயில் 1886 செப்டம்பரில் ஓடியது. 1890இல் ஆற்றுக்குப் பாலம் அமைந்து பாதை கிள்ளானை அடைந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவே 1972 முதல் போர்ட் கிள்ளான் என வழங்கும் துறைமுகம். இப்பாதைகளைப் போடவும் காக்கவும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். நிலைய அலுவலர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்தார் வந்தனர். செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் தமிழர் வாழும் பகுதியாயிற்று.

இரயிலுக்குப் பொதுநேரம் வேண்டும். ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் வண்டிகள் மோதும். 1897இல் கோலாலம்பூரில் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு ஒலிக்கத் தொடங்கியபோது நகரம் தன் சொந்தச் சூரிய நேரத்தையே பின்பற்றி வந்தது. அது கிரீன்விச் நேரத்திற்கு ஏறத்தாழ 6 மணி 47 நிமிடம் முந்தியது. 1901ஆம் ஆண்டின் முதல் நாள் சிங்கப்பூர் நேரம் கூட்டு மலாய் நாடுகளுக்கும் பொதுவாயிற்று. கடிகாரம் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்சென்றது. 1905 ஜூனில் கிரீன்விச்சுக்கு ஏழு மணி முந்திய நேரம் வந்தது. 1933 ஜனவரியில் பகலொளியைப் பயன்படுத்தும் பொருட்டு மேலும் 20 நிமிடம் கூட்டப்பட்டது. 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் கூடியது.

1942இல் சப்பானியர் ஆட்சி தோக்கியோ நேரத்தைச் சுமத்தியது. கடிகாரம் ஒரே அடியாக ஒன்றரை மணி முன்னே பாய்ந்தது. அந்நாளில் கோலாலம்பூரில் சூரியன் கடிகாரப்படி காலை எட்டு மணிக்கு மேல் உதித்தது என்றால், மக்களின் எழுச்சியும் உறக்கமும் எவ்வாறு புரண்டிருக்கும் என்பதை உய்த்துணரலாம். 1945இல் பழைய நேரம் திரும்பியது. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு பதினொன்றரை மணி அடித்தவுடன் அதுவே நள்ளிரவு என்று கொள்ளப்பட்டது, 1982 பிறந்தது, தீபகற்ப மலேசியா முழுவதும் அரை மணி உறக்கத்தை இழந்தது.

இம்மாற்றங்களின் விளைவு யாதெனில், கோலாலம்பூரில் இன்று கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ 73 நிமிடம் முந்தி நடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் பொழுது புலர்வது ஏழு மணிக்குப் பின்னரே. காலை வேலைக்குச் செல்பவர் இருளில் எழுகின்றனர். உடலின் உள்ளே இயங்கும் நாட்கடிகாரம் ஒளியைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்கிறது. அரசு ஆணையைக் கொண்டு திருத்திக்கொள்வதில்லை. ஆகவே, உறக்கம் குறைந்தது என்று ஒருவர் கூறும்போது, அதற்கு அவருடைய சோம்பல் மட்டுமே காரணம் என்று தீர்ப்பளித்தல் பொருந்தாது.

பால்மரமும் பெரட்டும்

தோட்டத் தொழிலாளரின் நிலை இன்னும் கடினமானது. ரப்பர் மரத்தைப் பொழுது ஏறுமுன் வெட்ட வேண்டும். இரவில் மரம் நீரை நிறைய உறிஞ்சிப் பால்குழாய்கள் விம்மி நிற்கின்றன. வெயில் ஏற ஏற இலைகளின் வழியே நீர் ஆவியாகிறது, குழாய்களில் அழுத்தம் தணிகிறது, பால் குறைகிறது. ஆதலின் தோட்டத்து மணி விடியுமுன் ஒலித்தது. லயங்களில் விளக்கேற்றிக் கஞ்சி காய்ச்சிப் பிள்ளைகளைப் பிள்ளைக் கொட்டகையில் விட்டுப் பெண்களும் ஆண்களும் இருளிலேயே பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றனர். கங்காணியும் கிராணியும் பெயர்களைப் படித்தனர். பெரட்டு தவறியவர்க்கு அன்றைய கூலி இல்லை.

பெரட்டு மணி உறக்கத்தின் முடிவை மட்டுமே அறிந்தது, தொடக்கத்தை அறியவில்லை. தொழிலாளி எத்தனை மணிக்குப் படுத்தான், இரவில் கொசுக்கடியாலும் காய்ச்சலாலும் எத்தனை முறை விழித்தான், அழுத குழந்தைக்காகத் தாய் எவ்வளவு நேரம் கண்விழித்தாள் என்பன கிராணியின் ஏட்டில் ஏறவில்லை. வந்தார், வரவில்லை என்னும் இரண்டே குறிகள் அதில் இருந்தன. அளக்க எளியதை மட்டும் அளந்து, அளக்க அரியதை இல்லை என்று கொண்ட ஏடு அது.

இதற்கு எதிராக எழுந்த குரலும் கிள்ளானிலேயே ஒலித்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், துரைமார் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை ஆகிய கோரிக்கைகளோடு, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைநாளை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாய் இருந்தது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், படைகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டவர், உறங்கும் நேரத்தையும் கேட்டவரே ஆவர். நாள் ஒன்றுக்கு எட்டு மணி என்னும் வரம்பு 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் இடம்பெற்றது. வாரத்திற்கு 48 மணி என்று இருந்த உச்சவரம்பு, 2023 ஜனவரி முதல் 45 மணியாகக் குறைந்தது. இவை யாவும் உறக்கத்தின் வரலாற்றில் சேர்க்கத் தக்க ஆண்டுகளே.

மணிக்கட்டில் வைத்த விரல்

வெளியிலிருந்து மணி அடித்து அளந்த முறை ஒருபுறம் இருக்க, உடலைத் தொட்டே அளந்த முறையும் தமிழரிடம் நெடுங்காலமாக இருந்தது. அது நாடி பார்த்தல். சித்த மருத்துவர் பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் மீது மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் நடையை அறிவர். விரலை மிகுதியாக அழுத்தினால் நாடி அடங்கிவிடும்; மிக மெல்ல வைத்தால் நாடி விரலுக்கு எட்டாது. அழுத்தியும் தளர்த்தியும் தக்க இடத்தையும் தக்க அழுத்தத்தையும் காண்பதே கைப்பழக்கம். மூன்று தோஷக் கொள்கையை ஏற்பார் ஏற்க, மறுப்பார் மறுக்க. அழுத்தத்தைப் பற்றிய இவ்வறிவை மறுப்பார் இலர்.

மேனாட்டிலும் நாடியைக் கடிகாரத்தோடு இணைக்க முயன்றனர். ஜான் பிளாயர் என்னும் ஆங்கில மருத்துவர், ஒரு நிமிடம் மட்டும் ஓடும் நாடிக் கடிகாரத்தைச் செய்வித்து 1707இல் அதுபற்றி நூல் எழுதினார். கடிகாரம் மணிக்கட்டுக்கே குடிபுகுந்தது பின்னாளில். போயர் போரிலும் முதல் உலகப் போரிலும் வீரர்கள் பைக்கடிகாரத்தைத் தோல்வாரில் கோத்துக் கையில் கட்டினர். அந்நாளில் வாரின் தொழில் கடிகாரம் கீழே விழாமற் காப்பது ஒன்றே. வார் சற்று நெகிழ்ந்திருந்தாலும் மணி தவறுவதில்லை.

மூளையிலிருந்து கைக்கு

உறக்கத்தின் ஆழத்தை அறிவியல் முறையில் அளக்க முதலில் முயன்றோருள் ஒருவர் கோல்சுட்டர் என்னும் செருமானியர். உறங்குபவர் அருகே சுத்தியலால் ஒலியெழுப்பி, எவ்வளவு பேரொலிக்கு அவர் விழிக்கிறார் என்று கண்டு, உறக்கம் முதல் ஒரு மணி நேரத்தில் மிக ஆழ்ந்திருக்கிறது என்று 1862இல் வெளியிட்டார். எழுப்பித்தான் உறக்கத்தை அளக்க வேண்டியிருந்தது அம்முறையின் குறை.

ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த செய்தியை 1929இல் வெளியிட்டார். அதன் பின்னர் உறங்குபவரை எழுப்பாமலே அளக்க முடிந்தது. 1953இல் சிக்காகோவில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறக்கத்தினிடையே கண்விழிகள் விரைந்து அசையும் நிலையைக் கண்டனர். கனவு பெரிதும் தோன்றும் நிலை அது. 1968இல் உறக்கப் படிநிலைகளைக் குறிக்கும் பொதுக் கையேடு வந்தது. மூளையலை, கண்ணசைவு, தாடைத் தசை, மூச்சு, இதயம் ஆகியவற்றை ஓரிரவு முழுவதும் ஒருங்கே பதியும் ஆய்வே இன்றுவரை உரைகல்லாக விளங்குகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய மருத்துவமனைகளிலும் இவ்வாய்வு நடைபெறுகிறது.

அவ்வாய்வுக்குத் தலையெங்கும் கம்பிகள் வேண்டும், அயலிடத்தில் படுக்க வேண்டும், செலவும் மிகும். ஆகவே 1970களில் ஆய்வாளர் சிலர் எளிய வழி ஒன்றை நாடினர். உறங்குபவர் கை அசையாது. விழித்திருப்பவர் கை அசையும். மணிக்கட்டில் அசைவுமானியைக் கட்டி, நிமிடந்தோறும் அசைவை எண்ணி, உறக்கத்தையும் விழிப்பையும் பிரித்தனர். டேனியல் கிரிப்கி என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் இத்துறையில் முன்னின்றனர். 1992இல் அவர்கள் வெளியிட்ட கணக்குமுறை பின்னாளில் பலரும் எடுத்தாளும் முறையாயிற்று.

இம்முறையின் அடிப்படையில் ஓர் ஓட்டை உண்டு. கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடப்பவனையும் அது உறங்குபவன் என்றே கொள்ளும். கடன் தொல்லையால் இரவெல்லாம் கண்ணிமைக்காதவன் கட்டை போற் கிடந்தால், கருவியின் கணக்கில் அவன் நிம்மதியாக உறங்கியவனே.

2009இல் ஃபிட்பிட் என்னும் அமெரிக்க நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த முதற்கருவி பகலில் ஆடையில் செருகிக்கொள்ளும் சிறு கருவியாகும். நடையை எண்ண அது போதும். உறக்கத்தை எண்ணப் போதாது. ஆகவே இரவில் அதனை மணிக்கட்டில் பொருத்திக்கொள்ள மென்மையான துணிப்பட்டை ஒன்றையும் உடன் வழங்கினர். பொதுமக்கள் பயன்படுத்தும் உறக்கக் கருவியின் வரலாற்றில் வார் தொடக்கத்திலேயே ஓர் உறுப்பாய் அமைந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

வாரின் தொழில்

2015 முதல் வந்த கைக்கடிகாரங்கள் பலவற்றில் அசைவுமானியோடு ஒளியும் சேர்ந்தது. கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மின்னுகிறது. குருதி பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் குருதி பெருகித் திரும்பும் ஒளி குறைகிறது. துடிப்பின் இடைவேளையில் ஒளி கூடுகிறது. இவ்வேற்றுமையைக் கொண்டு துடிப்புகளை எண்ணுகின்றனர். ஒளியால் குருதியோட்டத்தைக் காணும் இக்கலை 1930களிலேயே ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது. 1974இல் தாக்குவோ அவோயாகி என்னும் சப்பானியர் அதனைக் கொண்டு குருதியின் உயிர்வளியை அளக்கும் வழி கண்டார்.

துடிப்பினால் ஒளியில் நேரும் வேற்றுமை மிகச் சிறிது. திரும்பும் ஒளி முழுவதிலும் நூற்றில் ஓரிரு பங்கே இருக்கும். அச்சிறு வேற்றுமையைப் பிழையின்றிப் பிரித்தறிய வேண்டுமாயின், கருவி தோலோடு ஒட்டி ஓரிடத்திலே நிற்க வேண்டும். அதை நிறுத்துவது வார். முன்னர்க் கடிகாரத்தைத் தாங்கும் கயிறாக இருந்த வார், இப்போது அளவுகருவியின் ஒரு பாகமே ஆகிவிட்டது. நாடி பார்ப்பவரின் விரல் செய்த வேலையை இன்று வார் செய்கிறது.

வார் நெகிழ்ந்திருந்தால் மூன்று கேடுகள் விளையும். முதலாவது, கடிகாரத்திற்கும் தோலுக்கும் இடையே வெளியொளி புகும். இரண்டாவது, உறங்குபவர் புரளும்போது கருவி வழுக்கி வேறிடம் செல்லும். அவ்வழுக்கலால் நேரும் ஒளி வேற்றுமை துடிப்பைவிடப் பெரிதாயிருந்து துடிப்பை மறைக்கும். மூன்றாவது, கையின் அசைவோடு கடிகாரத்தின் ஆட்டமும் சேர்ந்து அசைவுமானியில் பதியும். உறங்கியவர் புரண்டதைவிட மிகுதியாகப் புரண்டதாகக் கணக்கு வரும்.

வார் இறுகியிருந்தாலும் கேடே. தோலின் மேற்பரப்பிலுள்ள நுண்குழாய்கள் அழுந்திக் குருதி வெளியேறும். துடிப்பின் அலை தாழும். கை மரத்துப்போய் உறங்குபவர் விழித்துக்கொள்ளவும் கூடும். அவ்வாறாயின், அளக்க வந்த கருவியே அளக்கப்படுவதைக் கெடுத்ததாகும். மணிக்கட்டு எலும்புக்கு ஓரிரு விரற்கடை மேலே, வழுக்காமலும் அழுத்தாமலும் கட்டுக என்று செய்வோர் கூறுவதன் காரணம் இதுவே. எலும்பின் மீது நேரே கட்டினால் கருவி தோலில் சமமாகப் படியாது.

உறக்கப் படிநிலைகளைப் பிரிப்பதில் இவை இன்னும் முக்கியமாகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் இதயம் மெல்லவும் சீராகவும் துடிக்கும்; கனவுறக்கத்தில் துடிப்பின் இடைவெளி கூடியும் குறைந்தும் வரும். அவ்விடைவெளிகளின் நுண்ணிய வேற்றுமையைக் கொண்டே கருவி படிநிலையை ஊகிக்கிறது. ஒரு துடிப்பு தவறினும் இரண்டு இடைவெளிகள் ஒன்றாகிக் கணக்குப் பிறழும். கருவி மூளையலையைக் காண்பதில்லை என்பதை இங்கே மறத்தலாகாது. கையைப் பார்த்து மூளையை ஊகிப்பது அதன் வேலை. ஃபிட்பிட் கருவியை நெகிழ அணிந்ததால் துடிப்பு தொடர்ந்து கிட்டாவிடில், அது படிநிலைகளைக் காட்டாமல் உறக்கம், அமைதியின்மை, விழிப்பு என்னும் பழைய பகுப்பை மட்டும் காட்டுமென அந்நிறுவனமே தன் பயனர்க்குக் கூறியுள்ளது. வாரின் நெகிழ்ச்சியால் ஓரிரவின் கணக்கே தரங்குறையும் என்பதற்கு இதனினும் தெளிவான ஒப்புதல் வேண்டுவதில்லை.

வெப்பநாட்டு மணிக்கட்டு

குளிர்நாட்டில் ஒட்டிய வார் கிள்ளானில் ஒட்டும் என்று சொல்ல இயலாது. இங்கே இரவிலும் புழுக்கம் மிகுதி. வியர்வை சேர்ந்தால் வழவழப்பான சிலிக்கோன் வார் வழுக்கும். அடியில் ஈரம் தங்கித் தோல் அரிக்கும். அரித்தால் அணிந்தவர் வாரைத் தளர்த்துவார்; தளர்த்தினால் கணக்குக் கெடும். தோல்வார் வியர்வையை உறிஞ்சி நாளடைவில் விறைத்துவிடும். உலோகச் சங்கிலி கண்ணி கண்ணியாகவே கூட்டவும் குறைக்கவும் இடந்தருமாதலின், இடைப்பட்ட அளவுக்கு வழியில்லை. துளையின்றி ஒட்டிக்கொள்ளும் நெய்த நைலான் வாரை வேண்டிய அளவுக்கு இறுக்கலாம், காற்றும் புகும், ஆயின் நனைந்தால் உலரப் பொழுதாகும். புழுக்கத்தில் மணிக்கட்டு சற்றே பருப்பதும் உண்டு. மாலையில் சரியாயிருந்த துளை நள்ளிரவில் இறுகலாம்.

தோல் நோவு சிறு செய்தி என்று தள்ளத்தக்கதன்று. ஃபிட்பிட் நிறுவனம் தன் ‘ஃபோர்ஸ்’ என்னும் கைப்பட்டையை, அணிந்தவர் சிலர்க்குத் தோலழற்சி உண்டானமையால், 2014இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பட்டையின் பொருளும் பசையும் உலோகத்திலுள்ள நிக்கலும் காரணமாகக் கூறப்பட்டன.

கறுத்த தோலில் இக்கருவிகள் பிழைபடுமா என்னும் வினா தமிழர்க்கு அயலானதன்று. தோலின் நிறமி பச்சை ஒளியை உறிஞ்சுவது உண்மை. விரலில் பொருத்தும் உயிர்வளிமானி, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரிடம் உயிர்வளிக் குறைவைக் காணத் தவறியது ஏறத்தாழ மும்மடங்கு என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆயின் அதே ஆண்டில் கைக்கடிகாரங்களின் துடிப்புக் கணக்கைச் சோதித்த மற்றோர் ஆய்வு, தோல் நிறத்தால் பெரிய வேறுபாடு காணவில்லை. அசைவாலேயே பிழை மிகுவதைக் கண்டது. இரண்டும் வெவ்வேறு அளவுகளைப் பற்றியன. ஒன்றின் முடிவை மற்றொன்றுக்கு ஏற்றுதல் கூடாது. எனினும், அசைவே பெரும்பகை என்றால், அசைவை அடக்கும் வாரின் இன்றியமையாமை மேலும் விளங்குகிறது.

வார் சரியானால் கணக்குச் சரியா?

வாரைச் சரியாகக் கட்டினாலும் கருவி எல்லாவற்றையும் அறிந்துவிடாது. 2021இல் வெளிவந்த ஆய்வொன்றில் 34 இளையோரை ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்து, ஏழு கருவிகளின் கணக்கை மூளையலைப் பதிவோடு ஒப்பிட்டனர். உறங்கிய நிமிடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கருவிகள் சரியாகக் கண்டன. விழித்திருந்த நிமிடங்களையோ அவை பெரும்பாலும் பாதி அளவுகூடச் சரியாகக் காணவில்லை. உறக்கம் என்று சொல்வதில் வல்லவை. விழிப்பு என்று சொல்வதில் மெலிந்தவை. நன்றாக உறங்குபவர்க்கு இது பெருங்குறையன்று. உறக்கமின்றித் துன்புறுபவர்க்கே இக்குறை வந்து பொருந்துகிறது. யாருக்குக் கணக்கு மிகத் தேவையோ அவருக்கே கணக்கு மிகத் தவறுகிறது.

துறைமுகத்தில் இரவுமுறை வேலை பார்ப்பவர், காவலாளி, செவிலியர், இரவெல்லாம் வண்டி ஓட்டுபவர் ஆகியோர் பகலில் துண்டு துண்டாக உறங்குவர். இத்துணுக்குகள் கணக்கில் சேராது போதலும் உண்டு. மறுபுறம், கணக்கையே எண்ணி எண்ணி உறக்கம் கெடுபவரும் உளர். இவ்விபரீதத்திற்கு 2017இல் மேனாட்டு மருத்துவர் தனிப்பெயரே இட்டனர். நுகர்வோர் கருவிகளைக் கொண்டு உறக்க நோயை முடிவுசெய்யலாகாது என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2018இல் அறிவித்தது.

அதற்காக இவற்றை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குதலும் தகாது. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயின் அறிகுறியைச் சுட்டும் வசதிக்கு 2024இல் சாம்சங், ஆப்பிள் நிறுவனங்களின் கைக்கடிகாரங்கள் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றன. இவற்றுள் ஆப்பிள் கடிகாரம், மூச்சுத் தடையால் மணிக்கட்டில் உண்டாகும் நுண்ணசைவைக் கொண்டே இதனை உணர்கிறது. உரத்த குறட்டையும் பகல் உறக்கமும் உடையவர், கருவியின் எச்சரிக்கையைக் கண்டு மருத்துவரை நாடினால் அது நன்மையே. நோயை உறுதிசெய்வது மருத்துவரின் கடமை. நினைவூட்டுவது கருவியின் கடமை.

ஒரே கருவியை ஒரே கையில், ஒரே இடத்தில், ஒரே அளவு இறுக்கத்தில் பல வாரங்கள் அணிந்தால், ஓரிரவின் கணக்குப் பிழையாயினும் பல இரவுகளின் போக்குத் தெரியவரும். நேற்றுச் சிலிக்கோன் வாரும் இன்று உலோகச் சங்கிலியும் அணிந்து இரு கணக்குகளையும் ஒப்பிட்டால், மாறியது உறக்கமா, வாரா என்று கூற இயலாது. ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றி வீட்டிலும் இவ்வொழுங்கு வேண்டும்.

பெரட்டு ஏடு தொழிலாளியின் கையில் இருந்ததில்லை. அதில் தன் பெயருக்கு நேரே என்ன குறி விழுந்தது என்று கேட்கவும் அவர்க்கு உரிமை இல்லாதிருந்தது. இன்று ஏடு அவரவர் மணிக்கட்டிலேயே உள்ளது. அதன் இறுக்கமும் நெகிழ்ச்சியும் அவரவர் விரலிலேயே உள்ளன. இம்மாற்றம் சிறிதன்று. ஆயினும், கருவி சொன்னதே மெய், உடல் உணர்ந்தது பொய் என்று கொள்வோமாயின், பழைய கிராணியின் இடத்தில் புதிய கிராணியை அமர்த்தியவர்களாவோம். காலையில் எழுந்தவர் களைப்பை உணர்ந்தால், கடிகாரம் எட்டு மணி உறக்கம் என்று காட்டினும், களைப்பே முதற்சான்று. நாளையோ மறுநாளோ வேலை நேரத்தையும் ஓய்வையும் பற்றி முதலாளியும் தொழிலாளியும் பேசும் மேசையில் இக்கணக்குகள் சான்றாக வைக்கப்படக்கூடும். அந்நாளில், கருவி எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை, எந்நிலையில் பிழைபடுகிறது என்பதை அறிந்தவரே தம் உறக்கத்திற்காக வாதாட வல்லவராவர்.